குன்னூரில் ஒரு ஆட்டோ எலக்ட்ரீசியன் கடை: பழைய மாருதி 800-க்குக் கிடைத்த பொறுப்பான வேலை

பர்லியாறு தாண்டியதும் எங்கள் 1998 மாருதி 800-இன் வெப்பமானி முள் சிவப்பைத் தொட்டது. ரேடியேட்டர் ஃபேன் சுழலவில்லை. வண்டியை ஆறவிட்டு ஆறவிட்டு, குன்னூரில் உள்ள இந்தச் சிறிய கடைக்குக் கொண்டு சேர்த்தேன். வேறோர் இடத்தில் மோட்டாரையே மாற்றச் சொல்லியிருந்தார்கள். இந்தக் கடை எலக்ட்ரீசியனோ முதலில் பேட்டரியிலிருந்து நேரடியாக மின்சாரம் கொடுத்து, மோட்டார் நன்றாக இருப்பதைக் கண்ணெதிரே காட்டினார். இஞ்சின் சூடானதும் ஃபேனை ஓடவிடும் தெர்மோ சுவிட்சின் இரு வயர்களையும் ஒன்றோடொன்று இணைத்தபோதும் ஃபேன் அசையவில்லை; ஆக, கோளாறு வயரிங்கில்தான். முன்பு யாரோ ரிலே (சிறு மின்னோட்டத்தால் பெரிய மின்னோட்டத்தை இயக்கும் சுவிட்ச்) இல்லாமல், மெல்லிய வயரிலேயே முழு மின்னோட்டத்தையும் ஓடவிட்டதால் கனெக்டர் உருகிக் கறுத்திருந்தது. வண்டியின் உடலோடு இணையும் எர்த் முனையிலோ பச்சைக் களிம்பு படிந்திருந்தது.

பேட்டரியிலிருந்து தடித்த வயரை ஃப்யூஸ் வழியாக ரிலேயின் 30 என்று எண்ணிட்ட முனையில் கொடுத்து, 87-இலிருந்து ஃபேனுக்கு எடுத்து, 86-ஐ இக்னிஷனோடும் 85-ஐத் தெர்மோ சுவிட்ச் வழியாக எர்த்தோடும் இணைத்தார். எர்த் முனையை உப்புத்தாளால் உலோகம் மின்னும்வரை தேய்த்தார். மலை மழையில் தண்ணீர் தேங்காதபடி ரிலேயின் முனைகளைக் கீழ்நோக்கி வைத்தது எனக்கு மிகவும் பிடித்தது. செலவை முன்கூட்டியே சொல்லியிருக்கலாம் என்பது மட்டுமே என் குறை. இஞ்சினை ஓடவிட்டு, ஃபேன் இருமுறை தானாகச் சுழன்று நின்ற பிறகே சாவியைத் தந்தார்.