அணையாத ரூம் லைட்: பல்பைக் கழற்றுவதா, ஃபியூஸைப் பிடுங்குவதா, கதவைப் பார்ப்பதா?

தை மாதம் சம்பா அறுப்பு நடந்த வாரம், எங்கள் பழைய காரில் ரூம் லைட் அணையவே இல்லை. நாலு கதவையும் ஓங்கிச் சாத்திப் பார்த்தாயிற்று. மன்னார்குடியில் கேட்ட ஆளுக்கு ஆள் ஒரு வைத்தியம் சொன்னார்கள். கிட்டத்தட்ட எல்லாவற்றையும் செய்து பார்த்துவிட்டேன்.

சின்ன பல்புதானே என்று விட்டுவிட முடியாது. 5 வாட் பல்பு 12 வோல்ட்டில் 0.4 ஆம்பியர் இழுக்கும். ராத்திரி 10 மணி நேரத்துக்கு 4 ஆம்பியர்-அவர். சின்ன கார்களில் பேட்டரியே 35 ஆம்பியர்-அவர்தான். புது பேட்டரி ஒரு ராத்திரி தாங்கும். மூன்று நாள் நிறுத்தி வைத்தால் தள்ளித்தான் ஸ்டார்ட் செய்ய வேண்டும். எல்இடி மாட்டியிருந்தால் இழுப்பு குறைவு, ஆனால் கோளாறு அப்படியேதான் இருக்கும்.

முதலில் லைட்டில் இருக்கும் சுவிட்சைப் பாருங்கள். ஆன், டோர் (கதவு திறந்தால் மட்டும் எரியும்), ஆஃப் என்று மூன்று நிலை இருக்கும். பிள்ளைகள் கைபட்டு ஆனுக்குப் போயிருந்தால் வேலை அதோடு முடிந்தது. டோரில் இருந்தும் எரிந்தால் அரை நிமிடம் பொறுங்கள்; சில கார்களில் மெல்லத்தான் அணையும்.

பலரும் உடனே செய்வது ஆஃபில் போட்டுவிடுவது, இல்லையென்றால் பல்பைக் கழற்றி வைப்பது. செலவே இல்லை, பேட்டரியும் பிழைக்கும். ஆனால் எனக்கு இதில் சம்மதம் இல்லை. தெருவிளக்கு எட்டாத வாய்க்கால் கரையில், வயல் ஓரத்தில் இறங்குகிற ஊர் நம்முடையது. கதவைத் திறந்ததும் விழுகிற அந்த வெளிச்சத்தில்தான் அப்பா காலை எங்கே வைக்கிறோம் என்று பார்த்து இறங்குகிறார். பாம்பு நடமாடும் இடத்தில் அதை இழக்க முடியாது.

ஃபியூஸைப் பிடுங்குவது அதைவிட மோசம். பல கார்களில் அதே ஃபியூஸில்தான் ரேடியோவும் கடிகாரமும் இருக்கும், சிலவற்றில் சென்ட்ரல் லாக்கும் சேரும். ஃபியூஸ் பெட்டி மூடியில் உள்ள படத்தைப் பார்க்காமல் கை வைக்க வேண்டாம். ஒரு வாரம் ஊருக்குப் போகிறீர்கள் என்றால் 10 நம்பர் ஸ்பேனரால் பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றி வைப்பது நல்லது. கடிகாரத்தைத் திரும்ப வைக்க வேண்டியிருக்கும்.

நான் சொல்வது கதவு சுவிட்சைச் சுத்தம் செய்வதைத்தான். பழைய கார்களில் கதவு மூடும் தூணில் ரப்பர் மூடி போட்ட குமிழ் இருக்கும். கதவு திறந்தால் குமிழ் வெளியே வந்து எர்த் (கார் பாடியோடு இணைப்பு) கிடைக்கும், லைட் எரியும். மூடினால் குமிழ் உள்ளே அமுங்கி, அந்த இணைப்பு அறுபடும். அறுவடை மெஷின் ஓடும் வயலோரம் நிறுத்தினால் நெல் தூசியும் சுணையும் இதில் அடையும். ஐப்பசி, கார்த்திகை மழையில் சேறும் சேர்ந்தால் குமிழ் இறுகிவிடும். ஒவ்வொரு கதவாகத் திறந்து குமிழை விரலால் நன்றாக அமுக்கி விடுங்கள். எதை அமுக்கும்போது லைட் அணைகிறதோ அதுதான் சிக்கியிருக்கிறது. டிக்கி கதவை மறக்கக் கூடாது. பிறகு கான்டாக்ட் கிளீனர் (மின் இணைப்பைச் சுத்தம் செய்யும் ஸ்பிரே) அடித்து, இருபது முறை அமுக்கி விட வேண்டும். தேங்காய் எண்ணெய் விடச் சொல்வார்கள். அடுத்த அறுப்புக்குள் தூசியோடு சேர்ந்து பசையாகிவிடும். மண்ணெண்ணெய் ரப்பரைக் கெடுக்கும்.

புதிய கார்களில் சுவிட்ச் கதவுப் பூட்டுக்குள்ளேயே இருக்கும். கதவு திறந்திருக்கும்போதே பூட்டின் கொக்கியை ஸ்க்ரூடிரைவரால் மூடிய நிலைக்குத் தள்ளி, லைட் அணைகிறதா என்று பாருங்கள். கைப்பிடியை இழுத்துக் கொக்கியை விடுவித்த பிறகே கதவைச் சாத்துங்கள், இல்லாவிட்டால் பூட்டு அடிபடும்.

வேதாரண்யம், நாகப்பட்டினம் பக்கம் உப்புக் காற்றில் உள்ளே துருப்பிடித்த சுவிட்சைச் சுத்தம் செய்தால் கொஞ்ச நாளைக்குத்தான் ஓடும். அங்கே மாற்றிவிடுவதே மேல். குமிழ் சுவிட்ச் மலிவு, ஒரு ஸ்க்ரூதான். கழற்றியதும் ஒயரை டேப் போட்டு வெளியே ஒட்டி வையுங்கள், தூணுக்குள் விழுந்தால் எடுப்பது பெரும்பாடு. பூட்டோடு சேர்ந்த சுவிட்ச் என்றால் பல கார்களில் முழுப் பூட்டையே வாங்க வேண்டும்; செலவு கூடும்.

சுவிட்சிலிருந்து ஒயரைக் கழற்றினாலும் லைட் எரிந்தால் தவறு சுவிட்சில் இல்லை. கதவுக்கும் தூணுக்கும் நடுவே ரப்பர் குழாய்க்குள் ஒயர் உரசியிருக்கலாம், எலி கடித்திருக்கலாம். நெல் மூட்டை ஏற்றும் காரில் எலி வராமல் இருக்காது. அப்போது ஆட்டோ எலக்ட்ரீஷியனிடம் போவதுதான் சரி. எதை எதைச் செய்து பார்த்தீர்கள் என்று சொல்லிவிட்டால் அவர் தேடும் நேரம் பாதியாகும்.

எங்கள் காரில் பின்பக்க இடது கதவுக் குமிழ்தான் சிக்கியிருந்தது. மூட்டை ஏற்றி இறக்கும் கதவு அது. கிளீனர் அடித்ததோடு, கிழிந்த ரப்பர் மூடியையும் மாற்றினேன்.