பழைய டிரான்ஸ்ஃபார்மரா, டி.சி.சி. பெட்டியா: ஒலி எஞ்சினுக்கு எது ஏற்றது?

ஒலி டீகோடர் (கட்டளைகளைப் படித்து மோட்டாரையும் ஒலியையும் இயக்கும் சிறு மின்னணுப் பலகை) பொருத்திய எச்.ஓ. அளவு (1:87) மாதிரி இரயில் எஞ்சின் ஒன்றை வாங்கியதும், அதை எங்கள் ஐயா பினாங்குக்குக் கொண்டுவிக்க (வணிகம் செய்ய) போயிருந்த காலத்தில் வாங்கிவந்த பழைய டிரான்ஸ்ஃபார்மரிலேயே ஓட்டுவதா, புதிதாக டி.சி.சி. (எண்முறைக் கட்டளைக் கட்டுப்பாடு) பெட்டி வாங்குவதா என்று முடிவு செய்ய வேண்டியிருந்தது. காரைக்குடி வீட்டின் பெரிய கூடமான ஆல்வீட்டில் போட்டிருக்கும் ஒரே தண்டவாளத்தில் இரண்டையும் ஓட்டிப் பார்த்தபின் டி.சி.சி.யைத் தேர்ந்தெடுத்தேன். பலரும் நினைப்பதுபோல ஒலியின் தரம் அதற்கு முதற்காரணம் அன்று. நம் பகுதியில் வீட்டுக்கு வந்துசேரும் மின்னழுத்தமே முதற்காரணம்.

எல்லாருக்கும் தெரிந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பழைய முறையில் குமிழைத் திருகினால் தண்டவாளத்தில் 0 முதல் 12 வோல்ட் வரை நேர்மின்னோட்டம் ஏறும். கூட்டல் கழித்தல் மாறினால் எஞ்சின் பின்னோக்கி ஓடும். ஜெர்மனியின் லென்ஸ் நிறுவனத்திடமிருந்து வந்து, 1990-களில் அமெரிக்க மாதிரி இரயில் சங்கமான என்.எம்.ஆர்.ஏ.வின் பொதுத் தரமான டி.சி.சி.யில், தண்டவாளத்தில் எப்போதும் ஏறக்குறைய 14, 15 வோல்ட் நிற்கும். வேகமும் விளக்கும் ஹாரனும் எண்குறிக் கட்டளைகளாகச் செல்லும். இன்றைய ஒலி டீகோடர்களில் பெரும்பாலானவை இரண்டையும் ஏற்கும் என்பதால், பழைய டிரான்ஸ்ஃபார்மரிலும் எஞ்சின் ஓடத்தான் செய்யும்.

எப்படி ஓடும் என்பதில்தான் வேறுபாடு. நான் வாங்கியது ஆல்கோ நிறுவனத்தின் செஞ்சுரி வரிசை எஞ்சினின் மாதிரி. அந்த வரிசைக்கு உயிரான 251 வகை டீசல் எஞ்சின்தான் 16 உருளைகளோடு நம் நாட்டு அகலப்பாதை இரயில் எஞ்சினான டபிள்யூ.டி.எம்.2-இலும், 6 உருளைகளோடு மீட்டர் கேஜ் காலத்து ஒய்.டி.எம்.4-இலும் இருந்தது. காரைக்குடி சந்திப்பில் வண்டி புறப்படக் காத்திருக்கும்போது காதில் விழுந்த அந்த நின்றநிலை உறுமலுக்காகவே இதை வாங்கினேன். பழைய டிரான்ஸ்ஃபார்மரில் முதலில் பறிபோவது அந்த உறுமல்தான், ஏனென்றால் குமிழைச் சுழிக்குக் கொண்டுவந்து வண்டியை நிறுத்தினால் டீகோடருக்கும் மின்சாரம் நின்றுவிடும். ஏறத்தாழ 5, 6 வோல்ட்டில் டீகோடர் விழித்து ஒலி தொடங்கும். இன்னும் சற்று ஏற்றினால் சக்கரம் சுழலும். இவ்விரண்டுக்கும் நடுவே குமிழை நிறுத்திப் பிடித்தால் நின்றநிலை ஒலி கேட்கும். ஆனால் அந்த இடைவெளி மிகக் குறுகியது. ஹாரனையும் மணியையும் விரும்பியபோது ஒலிக்கச் செய்யச் சாதாரணக் குமிழில் வழியே இல்லை.

மின்தடை மாற்றி வகையைச் சேர்ந்த பழைய கட்டுப்பாடாக இருந்தால் இன்னொரு சிக்கலும் சேரும். அந்த மின்தடை, அக்கால மோட்டார்கள் இழுத்த மின்னோட்டத்துக்குக் கணக்கிடப்பட்டது. 20 ஓம் மின்தடை வழியே 0.6 ஆம்பியர் சென்றால் 12 வோல்ட் குறையும். இன்றைய மோட்டார் 0.15 ஆம்பியர் மட்டுமே இழுக்கும்போது அதே மின்தடையில் 3 வோல்ட்தான் குறையும். ஆகவே குமிழைப் பாதிவரை திருப்பினாலும் எஞ்சின் பெரும்பகுதி மின்னழுத்தத்தைப் பெற்று, தவழ வேண்டிய இடத்தில் பாயும். மெதுவான ஓட்டத்துக்கென்று பழைய பெட்டிகளில் இருக்கும், அலையில் பாதியை மட்டும் அனுப்பும் அரை அலை சுவிட்ச் டீகோடரைக் குழப்புவதால், அதை அணைத்தே வைக்க வேண்டும்.

இவை எல்லாம் பொறுத்துக்கொள்ளக்கூடிய குறைகளே. பொறுத்துக்கொள்ள முடியாதது, டீகோடருக்குள் உண்மையில் எத்தனை வோல்ட் போய்ச் சேருகிறது என்பது. பழைய டிரான்ஸ்ஃபார்மரின் தகட்டில் 12 வோல்ட் என்று எழுதியிருப்பது, முழுச் சுமையில், அது எந்த மின்னழுத்தத்துக்காகச் செய்யப்பட்டதோ அந்த மின்னழுத்தத்தில் கிடைக்கும் சராசரி. மாறுமின்னோட்டத்தை நேர்மின்னோட்டமாக்கும் ரெக்டிஃபையரிலிருந்து வரும் மின்சாரம் சமன்படுத்தப்படாமல் அலையலையாக வருவதால், சராசரி 12 ஆக இருக்கும்போதே அலையின் உச்சி 18 வோல்ட்டைத் தாண்டும். பழைய மோட்டார் சராசரிக்கு ஏற்ப ஓடியதால் அது எவரையும் உறுத்தவில்லை. டீகோடரோ தன்னுள் இருக்கும், மின்னைச் சேமிக்கும் கெப்பாசிட்டரை அலையின் உச்சிவரை நிரப்பிக்கொள்கிறது. இதன்மேல், சுமை குறைந்த எஞ்சினால் ஏறும் மின்னழுத்தத்தையும், இரவு பத்து மணிக்குமேல் தெருவில் மோட்டாரும் ஏசியும் ஓய்ந்தபின் எங்கள் வீட்டுப் பிளக்கில் 250-ஐத் தாண்டும் மின்னழுத்தத்தையும் கூட்டிப் பார்க்க வேண்டும்.

இதை யாரும் சோதித்துப் பார்க்கலாம். எஞ்சினைத் தண்டவாளத்திலிருந்து எடுத்துவிட்டு, குமிழை முழுவதும் திறந்து, மல்டிமீட்டரை நேர்மின்னோட்ட அளவில் வைத்துத் தொட்டேன். 16 வோல்ட் காட்டியது. பிறகு 50 வோல்ட் தாங்கும் கெப்பாசிட்டர் ஒன்றைக் கூட்டல் கழித்தல் பார்த்துத் தண்டவாளத்தின் குறுக்கே இணைத்து அதன் கால்களில் அளந்தேன். 25 வோல்ட் காட்டியது. டீகோடர் காண்பது இந்த இரண்டாவது எண்ணைத்தான். பல டீகோடர்களின் கையேடுகள் 20 வோல்ட்டுக்கு அருகிலேயே மேல்வரம்பு இடுகின்றன. உங்கள் கையேடு என்ன சொல்கிறது என்பதைப் பார்த்துவிட்டே பழைய பெட்டியை இணையுங்கள்.

"ஸ்டெபிலைசர் ஒன்னு போட்டுட்டா சரியாப் போகும்ண்ணே" என்று கடைத்தெருவில் எனக்கு உதிரிப்பாகங்கள் தரும் தம்பி சொன்னார். பாதி சரி. ரிலே வகை ஸ்டெபிலைசர் 250-ஐ 230-க்கு அருகில் இறக்கும். ஆனால் அலையின் உச்சியையும் சுமையில்லா ஏற்றத்தையும் அது தொடாது. மின்சாரம் போய்த் திரும்பும் ஊரில் இன்னோர் ஆபத்தும் உண்டு: குமிழ் திறந்தபடி இருந்தால், திரும்பி வந்த மின்சாரம் நேராக எஞ்சினில் இறங்கி, ஆள் இல்லாத நேரத்திலும் வண்டியை ஓடவிட்டுவிடும்.

டி.சி.சி. பெட்டியோடு வரும் அடாப்டரை வாங்கும்போதே அதன் அடியில் 100–240 வோல்ட் என்று அச்சிட்டிருக்கிறதா என்று பாருங்கள். இத்தகைய ஸ்விட்சிங் வகை அடாப்டர், உள்ளே வருவது இறங்கினாலும் ஏறினாலும் வெளியே ஒரே மின்னழுத்தத்தைத் தரும். என் வீட்டில் பகலிலும் பின்னிரவிலும் அளந்தபோது தண்டவாளத்தின் அளவு அசையவே இல்லை. தண்டவாளம் பிரியும் பாயிண்ட்டில் சக்கரம் இறங்கி ஷார்ட் ஆனால் டி.சி.சி. பெட்டி மில்லிநொடிகளில் துண்டித்துவிடும். பழைய டிரான்ஸ்ஃபார்மரின் ஈருலோகத் தகடு சூடேறி விலகச் சில நொடிகள் ஆகும், அதற்குள் மெல்லிய கம்பிகள் கருகிவிடும்.

இதை இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம், டீகோடர் கெட்டால் காரைக்குடியில் மட்டுமன்று, மதுரையிலும் திருச்சியிலும்கூட அதைச் சரிசெய்து தருபவரை நான் கண்டதில்லை. புதிய பலகையை வெளிநாட்டிலிருந்துதான் வரவழைக்க வேண்டும். எஞ்சினையே மாற்றலாம் என்றால், பொம்மைகளுக்கான சுங்கத் தீர்வை 2020-இல் 20 விழுக்காட்டிலிருந்து 60 ஆகவும், 2023-இல் 70 ஆகவும் உயர்ந்ததை இந்தப் பொழுதுபோக்கில் இருப்பவர்கள் நன்கறிவர். பழைய டிரான்ஸ்ஃபார்மரால் மிச்சமாகும் பணம் ஒரே ஒரு டீகோடர் கெட்டால் போய்விடும்.

டி.சி.சி.யிடமும் குறை உண்டு. டீகோடர் இல்லாத பழைய எஞ்சின்களை அதன் தண்டவாளத்தில் வைக்கக்கூடாது. மோட்டார் இரைந்து சூடேறும். ஐயாவின் எஞ்சின்களுக்கு டீகோடர் பொருத்த மோட்டாரைச் சட்டகத்திலிருந்து மின்காப்பால் பிரிக்க வேண்டும். அவற்றை அறுத்துத் திருத்த எனக்கு மனம் வரவில்லை. அவற்றுக்குப் பழைய பெட்டியே உரியது, அதில் அவை அழகாகவும் ஓடுகின்றன. நம் வெயிலில், மாடிக்கு நேர் கீழே உள்ள அறையில், ஸ்விட்சிங் அடாப்டர் எத்தனை ஆண்டுகள் தாங்கும் என்பதை இன்னும் சில கோடைகள் கழித்தே என்னால் சொல்ல முடியும். ஐயாவின் டிரான்ஸ்ஃபார்மர் அந்தச் சோதனையை எப்போதோ கடந்துவிட்டது.

மேலே சொன்ன கணக்கு இரண்டு தண்டவாள எச்.ஓ. நேர்மின்னோட்டத்துக்கு உரியது. மூன்று தண்டவாள மாறுமின்னோட்ட வகை வைத்திருப்பவர்கள் இன்னும் விழிப்பாக இருக்க வேண்டும். அவ்வகையைச் செய்யும் ஜெர்மனியின் மார்க்லினில் திசை மாற்றுவதற்கான துடிப்பே 24 வோல்ட். 220 வோல்ட்டுக்கெனச் செய்த அதன் பழைய நீலநிற டிரான்ஸ்ஃபார்மரை 230 வோல்ட்டில் இணைத்தால் அது 25-ஐத் தாண்டும், அலையின் உச்சி 35 வோல்ட்டை எட்டும். 220 வோல்ட் டிரான்ஸ்ஃபார்மர்களைப் புதிய எஞ்சின்களுக்குப் பயன்படுத்த வேண்டாம் என்று மார்க்லின் நிறுவனமே எச்சரிக்கிறது.

இரண்டையும் வைத்துக்கொள்ள விரும்புவோர், நடுவில் அணைநிலை உள்ள இருமுனை இருவழி சுவிட்ச் ஒன்றைப் போட்டு, ஒரு நேரத்தில் ஒரு பெட்டி மட்டுமே தண்டவாளத்தோடு இணையுமாறு செய்துகொள்ள வேண்டும். பாதித் தண்டவாளத்தில் ஒன்றும் மீதியில் மற்றொன்றும் என்று பிரித்தால், எஞ்சின் இணைப்பைக் கடக்கும்போது அதன் சக்கரங்கள் வழியே இரண்டும் ஒன்றாகி டி.சி.சி. பெட்டி பழுதாகக்கூடும். ஒலி எஞ்சினை இனி டி.சி.சி.யில் மட்டுமே ஓட்டுவது என்று முடிவாகிவிட்டால், டீகோடரில் நாமே மாற்றக்கூடிய அமைப்பு எண்களில் ஒன்றான சி.வி. 29-இன் மதிப்பு 6 ஆக இருக்கும்போது அதை 2 ஆக்கி அனலாக் ஓட்டத்தை நிறுத்திவிடுங்கள்; யாராவது தவறுதலாகப் பழைய குமிழைத் திருகினாலும் எஞ்சின் நகராது. ஆனால் மின்னழுத்தம் அப்போதும் டீகோடருக்குள் செல்லும் என்பதால், சுவிட்சைப் போடும்போது எஞ்சினைத் தண்டவாளத்திலிருந்து எடுத்துவிடுவதையும் வழக்கமாக்கிக்கொள்ளுங்கள்.