சுவருக்குள்ளும் மண்ணுக்கடியிலும் ஏ.சி. செம்புக் குழாய்: எந்த உறை, எந்த வழி?

கத்திரி வெயிலில் 40 டிகிரியைச் சர்வசாதாரணமாகத் தாண்டும் வேலூரில், ஏ.சி. வாங்கும்போது டன்னையும் ஸ்டாரையும் மணிக்கணக்கில் அலசுகிற நாம், உள் யூனிட்டையும் வெளி யூனிட்டையும் இணைக்கும் செம்புக் குழாய் எந்த உறையோடு எந்த வழியாகப் போகிறது என்பதைப் பொருத்த வருபவரின் விருப்பத்துக்கே விட்டுவிடுகிறோம்.

முதலில் உறை. வெள்ளை நிறப் பாலிஎத்திலீன் ஃபோமும் கறுப்பு நைட்ரைல் ரப்பரும் கடையில் போட்டியாளர்கள். புதிதாக இருக்கையில் வெப்பத்தைத் தடுப்பதில் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. வித்தியாசம் வளைவுகளில் தெரியும்: ரப்பர் குழாயோடு ஒட்டி வளைகிறது, அதன் மூட்டுகளைப் பசையால் ஒட்டி அடைக்க முடிகிறது, ஃபோமோ மடிந்து, நாளடைவில் சுருங்கி, மூட்டில் விரலளவு இடைவெளி விடுகிறது. அந்த இடைவெளியில்தான் குழாய் வியர்க்கும். காற்றின் ஈரப்பதம் வெறும் 30 சதவீதமாக இருக்கும் 40 டிகிரி வெயிலிலும் பனிப்புள்ளி, அதாவது காற்றின் ஈரம் நீராகப் படியத் தொடங்கும் வெப்பநிலை, ஏறக்குறைய 19 டிகிரி; குழாயோ 10 டிகிரிக்குப் பக்கத்தில் ஓடுகிறது. விலை கூடினாலும் சுவருக்குள் போகும் பகுதிக்கு 13 மி.மீ. கனமுள்ள நைட்ரைலையே தேர்ந்தெடுப்பேன். வெயில் படும் இடத்தில் இரண்டுமே மேலுறை இல்லாமல் தாங்காது, அணிலும் விடாது. யூனிட்டுகளை இணைக்கும் இரு செம்புக் குழாய்களில் மெல்லியதற்கு உறை தேவையில்லை என்று சொல்பவர்களை நம்ப வேண்டாம்: பெரும்பாலான வீட்டு ஸ்பிளிட் ஏ.சி.களில் குளிர்பதனத் திரவத்தின் அழுத்தத்தைக் குறைத்துக் குளிரவைக்கும் கேப்பிலரியோ விரிவு வால்வோ வெளி யூனிட்டுக்குள்ளேயே இருப்பதால், இரு குழாய்களும் குளிர்ந்தே வருகின்றன. ஆகவே தனித்தனி உறை.

அடுத்து சுவர். காடி வெட்டிக் குழாயைப் புதைத்துப் பூசுவது பார்வைக்கு அழகு. சத்துவாச்சாரியில் எங்கள் வீட்டில் அப்படித்தான் செய்தோம். இரண்டாம் ஆண்டு பீரோவுக்குப் பின்னால் உள்ளங்கை அளவு ஈரக்கறை தோன்றியது. உளியால் கொத்திப் பார்த்தபோது, குழாய் ஆடாமலிருக்கக் கொத்தனார் செருகிய செங்கல் சில்லு உறையைக் காகிதக் கனத்துக்கு நசுக்கியிருந்தது; அந்த ஓரிடத்திலிருந்துதான் நீர் இறங்கியிருந்தது. சுவரில் 90 மி.மீ. பி.வி.சி. பைப்பை வெளிப்புறம் சற்றே சாய்வாகப் பதித்து அதன் வழியே குழாய்களை விடுவது, பார்க்கச் சற்று முரட்டுத்தனமாக இருந்தாலும், உறையை நசுக்காது. 10 மீட்டர் செம்பு 30 டிகிரி மாற்றத்துக்கு ஏறக்குறைய 5 மி.மீ. நீள்வதற்கும் இடம் தரும். பழுதானால் உருவி எடுக்கலாம். பைப்பின் வாயை சீலன்ட் கொண்டு அடைக்க வேண்டும், சிமென்ட் கொண்டு அல்ல.

மண்ணுக்கடியில் போவதுதான் சிக்கலானது. உறையிட்ட குழாயை நேரடியாகப் புதைப்பதை நான் ஒரு தேர்வாகவே கருதவில்லை. அசையாக் காற்றைவிட நீர் இருபது மடங்குக்கு மேல் வெப்பத்தைக் கடத்தும் என்பதால், ஐப்பசி மழையில் ஊறிய உறை இருந்தும் இல்லாததற்குச் சமம். போதாக்குறைக்கு, இராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கம் தோல் தொழிற்சாலைக் கழிவு நிலத்தடி நீரில் உப்பேற்றிய கதை 1996-இல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வரை போனது; குளோரைடு செம்பில் குழி விழச் செய்யும். கழிவுநீர்த் தொட்டி, மாட்டுக்கொட்டில் அருகே அம்மோனியாவும் சேரும்.

எஞ்சும் வழிகள் இரண்டு. 110 மி.மீ. பி.வி.சி. பைப்புக்குள் விடுவது பாதுகாப்புதான், ஆனால் இரு முனைகளும் தரைமட்டத்துக்கு மேல் எழ வேண்டும், செங்கோண எல்போவுக்குப் பதில் நீண்ட வளைவு வேண்டும், தாழ்ந்த முனையில் நீர் வடிய ஒரு சிறு குழி வேண்டும். இவற்றில் ஒன்று தவறினாலும் பைப்பே தொட்டியாகிவிடும். காம்பவுண்டு சுவரின் மேல் டிரங்கிங் எனும் மூடியிட்ட பெட்டிக் குழலுக்குள் கொண்டுபோவது நீளத்தைக் கூட்டும், கண்ணையும் உறுத்தும். ஆயினும் கசிவைக் கண்ணால் பார்க்கலாம். வண்டிப் பாதையைக் குறுக்கே கடந்தே ஆகவேண்டிய வீடுகளைத் தவிர, மற்றவர்களுக்கு இதுவே மேல்.

புதைக்கத்தான் வேண்டுமென்றால், மண்ணுக்கடியில் ஒரு மூட்டும் இருக்கக்கூடாது. கசிவு இருக்கிறதா என்று பார்க்கக் குழாயில் நைட்ரஜனை அழுத்தத்தோடு ஏற்றி ஓரிரவு விட்டு, மறுநாள் காலையில் அழுத்தம் காட்டும் கேஜின் முள் இறங்கவில்லை என்று நேரில் பார்த்த பிறகே பள்ளத்தை மூடச் சொல்லுங்கள்.