1,86,000 ரூபாய் கொடுத்து நான் வாங்கின தூசி

சென்னையில் பழைய வீட்டில் இருப்பவர்கள், அதிலும் சுண்ணாம்புக் காரைச் சுவரும் மெட்ராஸ் டெரஸ் தளமும் உள்ள வீட்டில் இருப்பவர்கள், 'தூசி இல்லா வீடு' என்று விளம்பரம் பார்த்து யாருக்காவது அட்வான்ஸ் கொடுக்க நினைத்தால், ஒரு பத்து நிமிஷம் இதைப் படித்துவிட்டுக் கொடுங்கள்.

எங்கள் வீடு திருவல்லிக்கேணியில், தாத்தா கட்டினது. முகப்பில் சுதையில் 1934 என்று இருக்கும். தேக்கு உத்திரம், அதன் மேல் சின்னச் செங்கல்லைக் குத்தாக நிறுத்திச் சுண்ணாம்பில் கட்டி, மேலே செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கொட்டி இடித்து, தட்டோடு பதித்த தளம், இதைத்தான் மெட்ராஸ் டெரஸ் என்பார்கள். சித்திரை வெயிலிலும் கூடம் ஜில்லென்றுதான் இருக்கும். ஆனால் நாலைந்து வருஷமாகத் தூசி தாங்கவில்லை. காலையில் பெருக்கித் துடைத்தால் மத்தியானம் டிவி மேல் விரலால் கோலம் போடலாம். என் மனைவி சோற்றுப் பானையிலிருந்து தண்ணீர்க் குடம் வரை எல்லாவற்றையும் தட்டு போட்டு மூடி வைப்பாள். அம்மாவுக்கு 74 வயது, இழுப்பு உண்டு, இன்ஹேலர் இல்லாமல் ராத்திரி கிடையாது. தெருத்தூசிதான் வருகிறது, பக்கத்தில் மெட்ரோவுக்குத் தோண்டுகிறார்கள் இல்லையா என்று நாங்களே ஒரு காரணம் சொல்லி ஜன்னலைச் சாத்திக்கொண்டிருந்தோம்.

போன ஆடியில் ஒரு விளம்பரம் கண்ணில் பட்டது. இலவச இன்ஸ்பெக்‌ஷன், ஆடித் தள்ளுபடி வேறு. மறுநாளே டை கட்டின ஒரு பையன் வந்தான். கையில் காற்றிலுள்ள தூசியை அளக்கிற மீட்டர். கூடத்து நடுவில் நின்று 38 என்று காட்டினான். அப்புறம் அம்மா கட்டில் மேல் விரிப்பை ஒரு உதறு உதறி மீட்டரைப் பக்கத்தில் நீட்டினான், 412. "சார், பாட்டி தினமும் இதைத்தான் சுவாசிக்கிறாங்க." அவ்வளவுதான், நான் விழுந்துவிட்டேன். அந்த மாதிரி மீட்டர் காற்றில் மிதக்கிற எதையும் லேசர் வெளிச்சத்தில் தட்டுப்பட்டால் தூசி என்று எண்ணும், பனிமூட்டமானாலும் சரி, ஊதுவத்திப் புகையானாலும் சரி. இது பின்னால்தான் தெரிந்தது. மச்சான் மகனிடம் அதே மாதிரி ஒன்றை இரவல் வாங்கி, தோசை வார்க்கும்போது அடுப்பங்கரையில் வைத்துப் பார்த்தேன். அன்றைக்கு 412 என்ன, 600ஐயே தாண்டிவிட்டது.

பேக்கேஜ் என்னவென்றால், சுவர், தளத்தின் அடிப்பக்கம் இரண்டையும் தேய்த்து, 'நானோ சீல்' என்று ஒரு கோட்டிங் அடித்து, இரண்டு ஏர் பியூரிஃபையர் கொடுப்பார்கள். ஐந்து வருஷ வாரண்டி. மொத்தம் 1,86,000, அதில் 1,10,000 முன்பணம். ஒரே ஒரு கேள்வி அவனும் கேட்கவில்லை, எனக்கும் தோன்றவில்லை: இந்தத் தூசி எங்கிருந்து வருகிறது? மொட்டை மாடிக்கு அவன் ஏறவே இல்லை.

நாலு பேர் வந்தார்கள். பிளாஸ்டிக் ஷீட் போட்டு மூடுவதெல்லாம் கிடையாது, தண்ணீர் தெளிப்பதும் கிடையாது, கிரைண்டரை எடுத்துக் காய்ந்த சுவரில் அப்படியே ஓட்டினார்கள். வீடு முழுக்கப் புகை மண்டின மாதிரி ஆகிவிட்டது. அம்மாவை அன்றைக்கே தாம்பரத்தில் தங்கை வீட்டுக்கு அனுப்பினேன். அனுப்பாமல் விட்டது என் ஆறு வயது மகளை. இரண்டாம் நாள் அவர்கள் பழைய வாசற்கதவின் பச்சை எனாமலையும் அதே கிரைண்டரால் தேய்த்தார்கள், அவள் அந்தப் பச்சைப் பொடியில் விரலால் பூ வரைந்துகொண்டிருந்தாள். வீட்டுப் பெயிண்டில் ஈயம் 90 பிபிஎம்முக்கு, அதாவது பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக்கூடாது என்கிற விதி நம் நாட்டில் 2017 நவம்பரில்தான் அமலுக்கு வந்தது. அதற்கு முந்தைய எனாமலில் ஈயம் இருக்க நிறைய வாய்ப்பு உண்டு, அதுவும் எங்கள் கதவில் எத்தனை கோட்டோ. அந்த மாதிரி பெயிண்டைக் காய்ந்தபடி தேய்க்கவே கூடாது, ஈரம் பண்ணித்தான் சுரண்ட வேண்டும், குழந்தைகள் அந்தப் பக்கமே இருக்கக்கூடாது. பணம் போனதை விட இதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை. டாக்டர் சொல்லி அவளுக்கு ரத்தத்தில் ஈயம் பார்த்தோம், கவலைப்படும்படி இல்லை என்றார், அதுவரை நான் தூங்கவில்லை.

பிறகு சுவரில் உப்பு பூத்திருந்த இடமெல்லாம் சிமெண்ட் பூசி, பட்டி பார்த்து, 'நானோ' அடித்தார்கள். காலி டப்பா ஒன்றின் ஸ்டிக்கர் ஓரம் பெயர்ந்திருந்தது. உரித்துப் பார்த்தால் கீழே கடையில் கிடைக்கிற சாதாரண எமல்ஷன் பெயிண்ட் லேபிள். போட்டோ எடுத்தேன். கேட்டதற்கு, "டப்பா மட்டும்தான் சார் பழசு, உள்ள நம்ம மெட்டீரியல்" என்றான் மேஸ்திரி. அப்போதே நிறுத்தியிருக்க வேண்டும். வேலை பாதியில் நிற்குமே என்று மீதிப் பணத்தையும் கொடுத்தேன்.

இரண்டு மாசம் வீடு கல்யாண மண்டபம் மாதிரி மின்னியது. ஐப்பசி மழை பிடித்ததும் சுவர் கொப்புளிக்க ஆரம்பித்தது. முதலில் அப்பளம் மாதிரி, அப்புறம் பூரி மாதிரி. ஒரு ஞாயிற்றுக்கிழமை உத்திரத்துக்கு இடையிலிருந்து பட்டிச் சில்லு ஒன்று பெயர்ந்து நேராக ரசத்தில் விழுந்தது. முன்பு மாவு மாதிரி கொட்டினது இப்போது சில்லும் மாவுமாகக் கொட்டியது. போன் பண்ணினால் வாரண்டி அட்டையின் பின்பக்கத்தைப் படிக்கச் சொன்னார்கள். பொடி எழுத்தில், ஓதம், நீர்க்கசிவு, கட்டடக் குறைபாடு நீங்கலாக என்று இருந்தது. அதையெல்லாம் நீக்கினால் பழைய வீட்டில் வேறு என்னதான் கெடும்?

பியூரிஃபையர் பற்றியும் சொல்லிவிடுகிறேன். நல்ல ஹெப்பா ஃபில்டர் நுண்தூசியைப் பிடிக்கும், அம்மா அறையில் ராத்திரி ஓடுவதில் கொஞ்சம் குணம் தெரிகிறது, பொய் சொல்ல மாட்டேன். ஆனால் தளத்திலிருந்து உதிர்கிற கனத்த பொடி மெஷினிடம் போய்ச் சேரும் முன்னாலேயே தரையில் உட்கார்ந்துவிடும். அதற்கு எத்தனை மெஷின் வைத்தும் பிரயோஜனம் இல்லை. கூடத்தில் இருந்ததற்கு மாசா மாசம் சிவப்பு விளக்கு எரிந்தது, ஃபில்டர் 2,400 ரூபாய்.

கடைசியில் தெரிந்தவர் மூலமாகப் பழைய கோயில் வேலையெல்லாம் பார்த்த ஒரு கொத்தனார் வந்தார். எழுபது வயது இருக்கும். செருப்பைக் கழற்றிவிட்டு முதலில் மொட்டை மாடிக்குத்தான் ஏறினார். "தம்பி, தூசிக்குத் தாய் வீடு இங்க இருக்கு, நீ கீழ தேய்ச்சுக்கிட்டிருக்க." தட்டோட்டு இடுக்கெல்லாம் வாய் பிளந்திருந்தது, கைப்பிடிச் சுவரில் ஓர் அரசங்கன்று, மழைநீர்க் குழாய் அடைத்து ஒரு மூலையில் தண்ணீர் தேங்கின கறை. அந்தத் தண்ணீர் உள்ளே இறங்கி இறங்கிச் சுண்ணாம்பின் பிடிப்பைத் தின்றுவிட்டது, அதுதான் பொடியாகக் கொட்டியிருக்கிறது. சுண்ணாம்புச் சுவர் உறிஞ்சின ஈரத்தைத் தானே காற்றில் விட்டுக் காய்ந்துகொள்ளும். அதன் மேல் சிமெண்டும் பெயிண்டும் போட்டு மூடினால் ஈரம் வெளியே வர வழியில்லாமல் உப்பு உள்ளேயே படிந்து பூச்சைத் தள்ளும். எங்கள் வீட்டில் நடந்தது அதுவேதான்.

அவர் சொல்லிக் கொடுத்த ஒரு வேலை, காசு செலவில்லாதது. ராத்திரி ஓர் அறை தவிர மற்ற அறை ஜன்னல்களைச் சாத்தி, ஃபேனை நிறுத்தி, ஒவ்வொரு அறையிலும் கறுப்புச் சார்ட் பேப்பர் விரித்து வையுங்கள். காலையில் வெள்ளைப் பொடி விழுந்திருந்தால் எலுமிச்சைச் சாறு ஒரு சொட்டு விடுங்கள், நுரைத்தால் சுண்ணாம்பு. கசகசா மாதிரி பழுப்பு உருண்டைகள் என்றால் மரத்துக்குள்ளேயே குடியிருக்கிற கறையானின் எச்சம், உடனே உத்திரத்தைத் தட்டிப் பாருங்கள். ஜன்னல் திறந்து வைத்த அறையில் மட்டும் கறுப்பாகப் படிந்தால்தான் தெருத்தூசி. எங்கள் கூடத்தில் முதல் இரண்டும் இருந்தன.

மாடி வேலைக்கு 38,000 ஆனது: கன்றை வேரோடு எடுத்து, இடுக்குகளைச் சுண்ணாம்புக் கலவையால் அடைத்து, குழாயை மாற்றி, ஒரு உத்திரத்துக்கு மருந்து அடித்து. சிமெண்டைக் கொத்தி எடுத்துவிட்டு இரண்டு சுவருக்கு மட்டும் மறுபடி சுண்ணாம்புப் பூச்சு. மற்றது கையில் காசு சேர்ந்ததும்தான். சுண்ணாம்பு மெதுவாகத்தான் இறுகும், அவசரப்படுத்தக் கூடாது என்றார். தூசி அடியோடு போகவில்லை, ஆனால் டிவி மேல் கோலம் போட இப்போது நாலு நாள் ஆகிறது.

அந்த ஆட்கள் மேல் 1915 என்கிற நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்து பலனில்லாமல், மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போயிருக்கிறேன். நாம் கொடுத்த பணம் 5 லட்சம் வரை என்றால் புகாருக்குக் கட்டணம் இல்லை, இரண்டு வருஷத்துக்குள் போட வேண்டும். என் கஷ்டம் என்னவென்றால் ஜிஎஸ்டி பில் வாங்கவில்லை, ரசீதில் இருக்கிற பெயரும் விளம்பரத்தில் இருந்த பெயரும் வேறு வேறு. கையில் பலமாக இருப்பது பணம் அனுப்பின பேங்க் விவரமும் அந்த ஸ்டிக்கர் போட்டோவும்தான். டை கட்டின பையன், விரிப்பை உதறும் மீட்டர், 'நானோ சீல்' டப்பா, இந்த மூன்றும் உங்கள் வீட்டுக்கும் வந்திருந்தால், பணம் கொடுத்திருந்தாலும் கொடுக்காவிட்டாலும், எனக்கு ஒரு வரி எழுதுங்கள். அடுத்த வாய்தா மாசக் கடைசியில்.