பழைய டி80 டோசரில் பிளேடு மூட்டுகளை மாற்றியது: மூன்று மழைக்காலம் ஓட்டிய பிறகு

எங்களிடம் இருப்பது பெமல் நிறுவனத்தின் டி80. கோமாட்சு தொழில்நுட்பத்தில் உருவான பழைய ஸ்ட்ரெயிட் டில்ட் டோசர், அதாவது நேரான பிளேடை ஒருபக்கம் சாய்க்க முடிகிற வகை. சுரங்கத்தில் உழைத்துத் தேய்ந்து ஏலத்துக்கு வந்த வண்டி. இப்போது அரியலூர்ப் பக்கம் சுண்ணாம்புக்கல் குவாரிகளில் மேல்மண் தள்ளுகிறது. இன்ஜின் நன்றாக இருந்தது, டிராக்கிலும் பாதி ஆயுள் மிச்சம். பிளேடு மட்டும் ஆடியது. சமப்படுத்திவிட்டு வந்த இடம் அலை அலையாகக் கிடக்கும். ஆபரேட்டர் தம்பி சொன்னது இன்னும் காதில் இருக்கிறது: "அண்ணே, நான் லிவரைத் தொடவே இல்லை, பிளேடு தானா இறங்கித் தோண்டுது."

அவர் சொன்னது சரிதான். சும்மா தூக்கிவைத்தால் பிளேடு தன் எடையில் தொங்கி நிற்கும். மண்ணுக்குள் இறங்கியதும் மண் அதை இன்னும் கீழே இழுக்கும், கெட்டி வந்தால் மேலே தள்ளும். மூட்டில் தளர்ச்சி இருந்தால் அந்த இடைவெளி முழுவதும் பிளேடு தாவும். அதனால் மண்ணில் ஒரு மேடு, ஒரு பள்ளம் விழும். அடுத்து டிராக் அந்த மேட்டில் ஏறி இறங்கும்போது பிளேடும் கூடவே ஏறி இறங்கி, அலை இன்னும் பெரிதாகும். எவ்வளவு கைதேர்ந்த ஆபரேட்டராக இருந்தாலும் லிவரால் இதைச் சரிக்கட்ட முடியாது.

இந்த மாதிரி ஆட்டம் வந்தால் பலரும் முதலில் சிலிண்டர் சீலைப் பிரிக்கிறார்கள். அதற்கு முன்னால் பிளேடைத் தூக்கி, இன்ஜினை நிறுத்தி, யாரையும் கிட்டே விடாமல் தள்ளி நின்று பாருங்கள். மெல்ல மெல்ல இறங்கினால் சீலிலோ வால்விலோ கோளாறு. அசையாமல் நின்றால் தேய்மானம் மூட்டில். எங்கள் வண்டியில் அசையவே இல்லை. அப்புறம் பிளேடைக் கீழே இறக்கி, தரையை ஒட்டிக் கட்டைமேல் நிறுத்தி, ஒவ்வொரு மூட்டாகக் கடப்பாரையால் நெம்பி, சாக்பீஸ் கோடு போட்டு அளந்தோம். டிராக் ஃபிரேமில் புஷ் ஆர்ம் (பிளேடைத் தள்ளும் நீண்ட கை) உட்காரும் ட்ரனியன் பந்து (ஆர்ம் அசையும் உருண்டை முனை) இரண்டு, ஆர்ம் பிளேடோடு சேரும் பின் (மூட்டைக் கோக்கும் இரும்பு உருளை) இரண்டு, ஒரு பக்கம் பிரேஸ் (மரையுள்ள தாங்கு தண்டு), மறுபக்கம் பிளேடைச் சாய்க்கும் டில்ட் சிலிண்டர், மேலே லிஃப்ட் சிலிண்டர்களின் மூட்டுகள். தனித்தனியாகப் பார்த்தால் எல்லாம் இரண்டு மில்லி, மூன்று மில்லி. எல்லாம் சேர்ந்து பிளேடின் மூலையில் ஒரு விரல் அகலத்துக்கு மேல் ஆடியது.

கழற்றும் வேலைதான் பெரும்பாடு. முந்தைய கைகளில் யாரோ இடதுபக்கப் பின்னை, அது நுழையும் ஓட்டையுள்ள காதோடு சேர்த்து வெல்டிங் வைத்திருந்தார்கள். ஆடுகிற பின்னை நிறுத்த இதைவிடக் கெட்ட வழி கிடையாது. சுழல முடியாத பின் தன் வீட்டையே தின்றுவிடும். கேஸ் வைத்து அறுத்து, பின்னைத் தட்டி எடுத்து, ஓட்டையைத் துடைத்து உள்ளளவு பார்த்தோம். மேல்கீழாக ஓர் அளவு, முன்பின்னாக அதைவிட நான்கு மில்லி கூடுதல். மண் தள்ளும் விசை முழுவதும் பின்னை ஒரே பக்கம் அழுத்துவதால் ஓட்டை அந்தத் திசையில் நீண்டு முட்டை வடிவமாகியிருந்தது. புதுப் பின்னை அப்படியே அதில் செருகினால் காசுக்குப் பிடித்த கேடு. வட்டப் பின் முட்டை ஓட்டையில் ஒரு கோட்டில்தான் தொடும். அந்தக் கோட்டில் மொத்தச் சுமையும் ஏறி, சீக்கிரமே பழைய கதைக்குத் திரும்பிவிடும்.

அதனால் முதலில் ஓட்டை, பிறகுதான் பின். ஓட்டைகளை ஒரே கோட்டில் கடையும் லைன் போரிங் மெஷினை வண்டி நின்ற இடத்துக்கே வரவழைத்து, இரண்டு காதுகளையும் ஒரே அமைப்பில், ஒரே கோட்டில் போர் அடித்து, புஷ் (பின்னைச் சுற்றி உட்காரும் இரும்பு வளையம்) இறக்கினோம். காதுகளைத் தனித்தனியாகப் போர் அடித்தால் கோடு தவறும், பின் நுழையாது. நுழைந்தாலும் இறுகும். புஷ்ஷை உப்புப் போட்ட ஐஸ் பெட்டியில் வைத்தோம், காதை கேஸ் தீயில் இளஞ்சூடாக்கினோம். 100 மில்லி விட்டமுள்ள இரும்பு 50 டிகிரி குளிர்ந்தால் 0.06 மில்லி சுருங்கும். கேட்க ஒன்றுமில்லாத அளவுதான், ஆனால் சம்மட்டியால் அடித்து விளிம்பு சிதறாமல் புஷ் வழுக்கிக்கொண்டு உள்ளே போக அதுவே போதுமாக இருந்தது.

பின்களைத் திருச்சி துவாக்குடியில் ஒரு லேத்தில் ஈ.என். 19 என்ற கலப்பு எஃகில் கடைந்து, மேல்பரப்பை இண்டக்‌ஷன் முறையில் கடினமாக்கி, கிரைண்டிங் செய்து வாங்கினோம். 70 மில்லி விட்டம், 250 மில்லி நீளமுள்ள பின்னுக்கு ஏழரை கிலோ இரும்பு போகும். இரும்பின் விலை பெரிதல்ல, ஹார்டனிங்கும் கிரைண்டிங்கும்தான் செலவு. அந்தச் செலவில் கை வைக்காதீர்கள். டில்ட் சிலிண்டர் பின்னை மட்டும் அவசரத்துக்கு ஒரு ஸ்பேர் கடையில் ரெடிமேடாக எடுத்தோம். பார்க்கப் பளபளவென்று இருந்தது, அடுத்த மழைக்குள் தேய்ந்துவிட்டது. கழற்றி அரம் வைத்துப் பார்த்தால் வெண்ணெய் மாதிரி பிடிக்கிறது. கடினமாக்கிய பரப்பில் அரம் வழுக்கும், கடிக்காது. அதிலிருந்து எந்தப் பின் வந்தாலும் ஓரத்தில் அரத்தை ஓட்டிப் பார்த்த பிறகே வண்டியில் ஏற்றுகிறோம்.

ட்ரனியன் பந்துகள் வேறு வகை வேலை. அவை ஃபிரேமோடு இருப்பவை, பின்னைப் போல எளிதில் மாற்ற முடியாது. ஒருபக்கம் தட்டையாகத் தேய்ந்திருந்ததை முன்சூடு கொடுத்து, உலர்ந்த 7018 வெல்டிங் ராடால் கொஞ்சம் கொஞ்சமாக நிரப்பி, தகரத்தில் வெட்டிய வளைவு அளவியை வைத்துவைத்துப் பார்த்துத் தேய்த்து உருட்டினோம். எர்த் கிளாம்பை வெல்டிங் வைக்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே மாட்ட வேண்டும். வண்டியின் பின்பக்கம் எங்கோ மாட்டினால் கரண்ட் பேரிங் வழியாகப் பாயும். பேட்டரி ஒயரையும் கழற்றிவிடுங்கள். பந்தைப் பிடித்திருக்கும் மூடியான கேப்களை மட்டும் கம்பெனி சாமானாகவே வாங்கினோம். அந்தக் குழிவான உட்பரப்பை லேத்தில் ஒழுங்காகக் கொண்டுவருவது கடினம்.

கேப்புக்கு அடியில் போடும் ஷிம் என்ற மெல்லிய தகடுதான் இந்த அமைப்பின் உயிர். பந்து தேயத் தேய ஷிம் ஒவ்வொன்றாக எடுத்தால் இடைவெளி குறையும். நாங்கள் வாங்கியபோது ஒரு மூட்டில்கூட ஷிம் மிச்சமில்லை. எல்லாம் எடுத்து முடித்து, அதற்குப் பிறகும் ஓட்டியிருக்கிறார்கள். இப்போது அரை மில்லி, ஒரு மில்லி ஷிம்களைக் கலந்து போட்டு, போல்ட்டை முழுதாக இறுக்கிய பிறகும் ஆர்ம் இறுகாமல் அசைகிற, ஆனால் தட்டுகிற சத்தம் வராத அளவில் வைத்திருக்கிறோம். போல்ட்டைத் தளர்த்திவைத்து இடைவெளி விடுகிற பழக்கம் சிலரிடம் இருக்கிறது. போல்ட் அறுந்து பிளேடு ஒருபக்கம் கழன்றால் அடியில் நிற்பவன் உயிர் போகும்.

அதே காரணத்துக்காக இன்னொன்றையும் அழுத்திச் சொல்கிறேன். இந்த வேலை முழுவதும் பிளேடு தரையிலோ கனமான கட்டைமேலோதான் இருக்க வேண்டும். ஹைட்ராலிக்கை நம்பித் தொங்கவிட்டு யாரும் அடியில் போகக் கூடாது. ஓட்டைகள் நேராக வந்துவிட்டதா என்று விரலை விட்டுப் பார்க்கக் கூடாது, டார்ச் அடித்துப் பாருங்கள். கடினமாக்கிய பின்னைச் சம்மட்டியால் நேராக அடித்தால் சில்லு தெறிக்கும். நடுவில் பித்தளைத் துண்டு, கண்ணுக்குக் கண்ணாடி.

மூன்று மழைக்காலம் போய்விட்டது. இந்தப் பக்கத்துக் கருப்புக் களிமண் ஈரத்தில் மூட்டுக்கு மூட்டு அப்பிக்கொள்ளும், காய்ந்தால் சிமெண்டாக இறுகும். கடல் இருந்த பூமி என்பதால் கல்லாகிப்போன சிப்பி, நத்தை எல்லாம் மண்ணோடு வரும். அவை கிரைண்டிங் பவுடர் போல வேலை செய்கின்றன. அதனால் தினமும் காலையில் கிரீஸ். பிளேடைத் தரையில் இறக்கிச் சுமை விலகிய நிலையில், பழைய அழுக்குக் கிரீஸ் வெளியே பிதுங்கும்வரை அடிக்கிறோம். மோலி (மாலிப்டினம் டைசல்பைடு) கலந்த கிரீஸ் விலை கூடுதல்தான், ஆனால் மெதுவாக அசைந்து அதிகச் சுமை தாங்கும் இந்த மாதிரிப் பின்களுக்கு அதுதான் ஏற்றது.

புஷ் ஆர்ம் பின்களை இந்தக் கோடையில் கழற்றிப் பார்த்தோம். மேல்பரப்பு மினுமினுவென்று இருந்தது, கோடு விழவில்லை. ட்ரனியனில் இதுவரை பக்கத்துக்கு ஒரு ஷிம் மட்டும் எடுத்திருக்கிறோம். பிளேடின் கீழ்விளிம்பான கட்டிங் எட்ஜும் இப்போது சீராகத் தேய்கிறது. முன்பு ஒரு மூலை மட்டும் தின்றுகொண்டே போகும், திருப்பிப் போட்டும் பலனில்லாமல் இருந்தது. சமப்படுத்திய இடத்தில் டிப்பர் குலுங்காமல் போகிறது.

மிச்சம் இருப்பது பிரேஸின் மரைதான். அதில் லேசான ஆட்டம் தெரிகிறது. புது நட் கிடைக்கிறதா என்று விசாரித்துக்கொண்டிருக்கிறோம். கிடைக்காவிட்டால் மரையையும் நட்டையும் ஜோடியாகவே துவாக்குடியில் கடையக் கொடுப்பதாக இருக்கிறோம்.