சல்வா, ஹா, மஹ்மூத்: முதலில் யார் கதை?

பத்துப் பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு அகதிச் சிறுவர்களின் கதை ஒன்று கொடுக்கணும் என்று யாராவது கேட்டால் எனக்கு மூன்று ஆங்கில நாவல்கள் நினைவுக்கு வரும். மூன்றும் நல்லவை, ஆனால் ஒன்றுக்குப் பதில் இன்னொன்றைக் கொடுத்துவிட முடியாது.

ஆலன் கிராட்ஸின் 'ரெஃப்யூஜி' (2017) கீழே வைக்க விடாது. 1939-இல் செயின்ட் லூயிஸ் கப்பலில் ஜெர்மனியை விட்டுப் போகும் யூதச் சிறுவன் யோசெஃப், 1994-இல் கியூபாவிலிருந்து படகேறும் இசபெல், 2015-இல் சிரியாவின் அலெப்போ நகரை விட்டு ஓடும் மஹ்மூத் என்று மூன்று கதைகள் மாறி மாறி வரும். கடலில் தத்தளிக்கும்போது மஹ்மூதின் கைக்குழந்தைத் தங்கையைக் கடந்து போகும் இன்னொரு படகில் கொடுத்துவிடும் இடத்தைப் படித்துவிட்டு எனக்கு அன்று வேறு வேலை ஓடவில்லை. ஆனால் அத்தியாயத்துக்கு அத்தியாயம் ஓர் ஆபத்தில் கொண்டுபோய் நிறுத்துவதால் பிள்ளை 'அடுத்து என்ன' என்றே ஓடும், அந்த மூன்று பேரோடு உட்கார நேரம் கிடைக்காது.

லிண்டா சூ பார்க்கின் 'எ லாங் வாக் டு வாட்டர்' (2010) நேரெதிர். மிகச் சின்னப் புத்தகம், அலங்காரமே இல்லை. சல்வா டூட் நிஜ மனிதர். 1985-இல், பதினோரு வயதில், தெற்கு சூடானில் பள்ளிக்கூடத்தில் இருந்தபடியே சண்டைக்குப் பயந்து காட்டுக்குள் ஓடியவர். பாலைவனத்தில் அவன் சோர்ந்துபோகும்போது சித்தப்பா அதோ அந்தப் புதர் வரைக்கும் நட என்பார், அதை அடைந்ததும் இன்னொன்றைக் காட்டுவார். அவரையும் பிறகு சுட்டுக் கொன்றுவிடுகிறார்கள். பல வருடம் கழித்து ஆயிரத்துக்கும் மேற்பட்ட பையன்களைக் கென்யாவுக்கு நடத்திப் போகும்போது சல்வாவுக்குக் கைகொடுப்பது அதே பாடம்தான். வாசிப்புப் பழக்கம் குறைந்த பிள்ளைக்கு யோசிக்காமல் இதையே கொடுங்கள்.

என் மனசு நிற்பது தான்ஹா லாயின் 'இன்சைட் அவுட் அண்ட் பேக் அகெய்ன்' (2011) பக்கம். 1975-இல் வியட்நாம் போரின் முடிவில் சைகோன் நகரம் விழும்போது அம்மாவோடும் அண்ணன்களோடும் கப்பலேறும் பத்து வயது ஹா, தான் வளர்த்த பப்பாளி மரத்தை விட்டுவிட்டுப் போகிறாள். அந்த வயதில் அதே வழியில் அமெரிக்காவின் அலபாமா போனவர்தான் இதை எழுதியவரும். மற்ற இரண்டிலும் உயிர் பிழைப்பதுதான் கதை, இங்கே பிழைத்த பிறகுதான் பெரும்பாடே தொடங்குகிறது. அலபாமா வகுப்பில் அவள் இருபது வரை எண்ணியதற்குப் பிள்ளைகள் கைதட்டுகிறார்கள். பின்னக் கணக்கே தெரிந்தவள் அவள், அதைச் சொல்லத்தான் ஆங்கிலம் வரவில்லை, உள்ளுக்குள் கொதிக்கிறாள். பள்ளி மாறி மொழி தெரியாமல் உட்கார்ந்திருந்த எந்தப் பிள்ளைக்கும் இது சட்டென்று புரியும். முழுக்கச் சின்னச் சின்னக் கவிதைகள் என்பதால் ராத்திரி நாலைந்து பக்கம் சத்தமாகப் படித்துக் காட்ட வசதி.

என்னைக் கேட்டால் சல்வா முதலில், அப்புறம் ஹா. மஹ்மூதைப் பன்னிரண்டு தாண்டியதும் கொடுக்கலாம். ஹாவின் கதையைக் கொடுக்கும்போது மட்டும் பக்கத்தில் இருங்கள். ஆசைப்பட்டுக் காத்திருந்தவளிடம் கடைசியில் புதுப் பழத்துக்குப் பதில் காய வைத்துச் சர்க்கரை போட்ட பப்பாளி வந்து சேரும் பக்கத்தில் பிள்ளை ஏதாவது கேட்கும்.