கிருஷ்ணகிரியில் ‘வைல்டு நார்வே சால்மன்’ வாங்கப் போகிறவர்கள் கவனத்துக்கு

அப்பாவுக்கு ஸ்டென்ட் வைத்த பிறகு, வாரம் இரண்டு முறை மீன் கொடுங்கள் என்று டாக்டர் சொன்னார். இந்தச் செய்தி எப்படித்தான் கசியுமோ, கொஞ்ச நாளில் ஒரு வாட்ஸ்அப் குரூப்பில் விளம்பரம் கண்ணில் பட்டது. ‘நார்வே ஆற்றில் பிடித்த வைல்டு சால்மன், ஃப்ரீஸ் செய்யாதது, பெங்களூர் ஏர்போர்ட்டிலிருந்து நேராகக் கிருஷ்ணகிரிக்கு.’ வைல்டு என்றால் பண்ணையில் வளர்க்காமல் இயற்கையில் தானாக வளர்ந்த காட்டு மீன். கிலோ 4,200 ரூபாய். போன் செய்தால் ஆள் மணிக்கணக்காகப் பேசுகிறார். “பண்ணை சால்மன் விஷம் சார், சாய ஊசி போட்டுச் சிவப்பாக்குறாங்க. இதய நோயாளிக்கு வைல்டு மட்டும்தான் கொடுக்கணும். பச்சையாவே சாப்பிடலாம்.” பணம் ஜிபேயில்தான், பில் கேட்டால் “அப்புறம் அனுப்புறேன் சார்”. அந்தப் பில் இன்றுவரை வரவில்லை.

வந்த பாக்கெட் கல் மாதிரி உறைந்திருந்தது. வழியில் ஐஸ் அதிகமாகிவிட்டது என்றார், சரி. கழுவுவதற்காகத் தண்ணீரில் போட்டபோது கடையின் தங்க நிற ஸ்டிக்கர் ஓரத்தில் தூக்கிக்கொண்டது. நகத்தால் உரித்தால் அடியில் இன்னொரு லேபிள், இறக்குமதி செய்தவர்கள் ஒட்டியது. அட்லாண்டிக் சால்மன், சால்மோ சாலார் (அதன் அறிவியல் பெயர்), நார்வே, பண்ணையில் வளர்த்தது, 0 முதல் 4 டிகிரியில் வைக்கவும் என்று அச்சடித்திருந்தது. பயன்படுத்த வேண்டிய கடைசித் தேதி எப்போதோ முடிந்திருந்தது. அதாவது விற்காமல் போன மீனை ஃப்ரீசரில் தள்ளி, மேலே ஸ்டிக்கர் ஒட்டி, ‘வைல்டு’ என்று பெயர் வைத்து என் தலையில் கட்டியிருக்கிறார்கள்.

பண்ணை மீன் என்பதில் எனக்கு வருத்தமே இல்லை. உலகத்தில் கடைக்கு வரும் அட்லாண்டிக் சால்மன் ஏறத்தாழ எல்லாமே பண்ணை மீன்தான். நார்வேயில் மட்டும் வருடத்துக்குச் சுமார் 15 லட்சம் டன் வளர்க்கிறார்கள். சாய ஊசி என்பதெல்லாம் கட்டுக்கதை. காட்டு சால்மன் இறால், கிரில் போன்றவற்றைத் தின்று அஸ்டாக்சாந்தின் என்ற நிறமியைப் பெறுகிறது. பண்ணையில் அதே நிறமியைத் தீவனத்தில் சேர்க்கிறார்கள். இதயத்துக்கு நல்லது என்கிற ஒமேகா 3 கொழுப்பு இரண்டிலும் 100 கிராமுக்குச் சுமார் 2 கிராம் இருக்கும். மொத்தக் கொழுப்புதான் வித்தியாசம், பண்ணை மீனில் 13 கிராம், காட்டு மீனில் 6 கிராம் அளவுக்கு. அதனால்தான் பண்ணை மீனின் சதையில் வெள்ளைக் கோடுகள் தடிமனாக ஓடும். எனக்கு வந்த துண்டில் அவ்வளவு தெளிவாக இருந்தன. காலாவதியான மீனை ஒரு நோயாளிக்கு விற்றதும், சும்மா ஒரு பொய்ப் பெயருக்காக இரண்டு மடங்கு விலை வாங்கியதும்தான் என் புகார்.

பச்சையாகச் சாப்பிடலாம் என்றது இன்னும் மோசம். உண்மையான காட்டு சால்மனில் அனிசாகிஸ் என்ற புழு சகஜம். பச்சையாகச் சாப்பிட வேண்டுமென்றால் அந்தப் புழு சாக மைனஸ் 20 டிகிரியில் 7 நாளாவது உறைய வைத்திருக்க வேண்டும். ‘வைல்டு, ஃப்ரீஸ் செய்யாதது, பச்சையாகச் சாப்பிடலாம்’ என்று மூன்றையும் ஒரே மூச்சில் சொல்கிறவருக்கு ஒன்றும் தெரியாது, இல்லை எல்லாம் தெரியும்.

லேபிளைப் போட்டோ எடுத்து அனுப்பினேன். சார் என்றவர் உடனே அண்ணாவுக்கு மாறினார். “தப்பா வந்துடுச்சுண்ணா, பதிலுக்கு இந்தியன் சால்மன் அனுப்புறேன், அதுவும் சால்மன்தானே.” அது நம் கடலில் கிடைக்கும் காலா மீன்! நல்ல மீன், குழம்புக்குப் பிரமாதம், ஆனால் சால்மனுக்கும் அதற்கும் எந்த உறவும் இல்லை. பணத்தைக் கொடுங்கள் என்றதும் பிளாக் செய்துவிட்டார்.

ஸ்டிக்கர், அடி லேபிள், ஜிபே ஸ்கிரீன்ஷாட் எல்லாவற்றையும் சேர்த்து உணவுப் பாதுகாப்புத் துறைக்கு அனுப்பியிருக்கிறேன், 1915 நுகர்வோர் உதவி எண்ணிலும் பதிந்திருக்கிறேன். இதே ஆளிடம் வாங்கியவர்கள் பாக்கெட்டைத் தூக்கிப் போடாதீர்கள். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 5 லட்சம் வரையிலான பொருளுக்கு வழக்குக் கட்டணம் கிடையாது.

இனி சால்மன்தான் வேண்டும் என்பவர்கள் இறக்குமதியாளர் லேபிளைக் காட்டச் சொல்லுங்கள். வைல்டு என்றால் பெரும்பாலும் அலாஸ்கா போன்ற இடங்களிலிருந்து வரும் பசிபிக் வகைதான். அலாஸ்காவில் 1990-லிருந்து மீன் பண்ணைக்கே தடை. நார்வே வைல்டு என்றால் நம்பாதீர்கள். அங்கே காட்டு சால்மன் குறைந்துபோய், 2024 கோடையில் 33 ஆறுகளில் சால்மன் பிடிப்பதையே நிறுத்தினார்கள். பண்ணையிலிருந்து தப்பிய மீன்கள் காட்டு மீன்களோடு கலப்பதும், பண்ணைகளில் பெருகும் கடல் பேன் என்ற ஒட்டுண்ணியும் அதற்கு முக்கியக் காரணங்கள். 2023 டிசம்பரில், அழிவை நோக்கிப் போகும் உயிரினங்களைப் பட்டியலிடும் ஐ.யு.சி.என். என்ற உலக அமைப்பு அட்லாண்டிக் சால்மனை அச்சுறுத்தலை நெருங்கும் இனமாக மாற்றியது.

அப்பாவுக்கு இப்போது மத்தி வாங்குகிறோம். ஒமேகா 3 அதிலும் தாராளம், விலையோ அடிமாட்டு விலை. களிக்கும் அதுதான் சேருகிறது.

நேற்று இன்னொரு எண்ணிலிருந்து அதே ஆளின் ஸ்டேட்டஸைப் பார்த்தேன். இப்போது ‘ஸ்காட்லாந்து வைல்டு’ வந்திருக்கிறதாம். ஸ்காட்லாந்துக் கடலோரத்தில் வலையில் சிக்கும் காட்டு சால்மனை எடுத்துக்கொள்ள 2016-லிருந்தே தடை. ஓசூர், தருமபுரிக்கும் டெலிவரி உண்டு என்று கீழே போட்டிருக்கிறார்.